அட்டைக்குப் பொருந்திய கார்டு

சின்னக்கானலிலிருந்து போடிமெட்டு வரைக்கும் ஜீப் ஓட்டுகிறவர்களில், கம்ப்யூட்டரைப் பிரித்து உள்ளே கிராஃபிக்ஸ் கார்டு மாட்டி, மறுபடியும் மூடி ஓட வைத்தவன் நான் ஒருவன்தான்.

பொய். நான் பிரிக்கவில்லை, மாட்டவில்லை, மூடவும் இல்லை. அந்தப் பெட்டி இன்று வரைக்கும் மூடப்படவே இல்லை. நான் செய்தது ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியது மட்டும். அதுவும் கை நழுவி உள்ளே விழுந்துவிட்டது. என் மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை நூலில் கட்டி உள்ளே இறக்கி, மீன் பிடிப்பதுபோல அதைப் பிடித்து எடுத்தாள். ஆனால் ஜீப் ஸ்டாண்டில் நான் சொல்லிக்கொள்வது முதலில் எழுதிய மாதிரிதான். அங்கே என்னை மறுத்துப் பேசும் அளவுக்குப் படித்தவன் எவனும் இல்லை. நானே நாலாம் வகுப்போடு நின்றவன். அதிலும் மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன்.

இன்று காலையிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு வேலை. நான் மட்டும் வாசலில் ஸ்டூலைப் போட்டு வெயிலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் மனைவி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். வயசுக் கணக்கில் இந்த மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் முடிந்தது. இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் அவள் பெயரில் இருப்பது அவள் கூடையால்தான். என் ஜீப்புக்காக யாரும் வீடு தரமாட்டார்கள். வீடு போகாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. அம்மா இறக்கி வைக்கும் கூடையை மகள் தூக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் லயத்தில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. என் மனைவிக்கும் அவள் அம்மா கூடைதான் வந்தது.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவருடைய தமிழும் மலையாளமும் கலந்துபோய்விட்டது. அவர் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மகளுட பேரு பதியணும்னா திங்களாழ்ச்ச காலத்து வந்து சொல்லணும், கேட்டோ? இல்லெங்கில் வீடு வேற ஆளுக்குப் போகும்."

மனைவி வீட்டுக்கு வந்து கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, "இது என்னோட போகட்டும். அவ தோள்ல ஏறக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். எப்படிப் போகும், எங்கே போவோம் என்பதையெல்லாம் நானும் மகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் தேனியில் தங்கி ஒரு படிப்பு படித்தாள். கட்டாத வீட்டைக் கட்டின மாதிரி கம்ப்யூட்டரில் வரைகிற படிப்பு. சுவர், சோபா, ஜன்னலில் விழும் வெயில் எல்லாம் வரும். கொச்சியில் ஒரு ஆபீஸ்காரர்கள் அவளுக்கு ஒரு பரீட்சை வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு ரிசார்ட்டின் அறைகளைப் படமாகச் செய்து, அதற்குள் நடந்து போகிற மாதிரி ஒரு சின்ன வீடியோவும் சேர்த்து, திங்கட்கிழமை காலையில் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே வேலை. மாதச் சம்பளத்தில் சூரியநெல்லியில் ஒரு வாடகை வீடு பிடித்துவிடலாம். பிடிக்காவிட்டால், அதே திங்கட்கிழமை, அதே காலை, ஆபீஸில் அவள் பெயர்.

அவளிடம் இருந்த கம்ப்யூட்டர், மூடிப்போன ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேஜையிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்தது. கம்பெனியிலேயே முழுசாகச் செய்து மூடி அனுப்பிய ஒல்லிப் பெட்டி, ஒரு கிலோ மைசூர்பாகுப் பெட்டியை அகலமாக இழுத்துவிட்ட மாதிரி. விருந்தாளி பெயர் எழுதவும் பில் அடிக்கவும் செய்த சாமான். அதனிடம் மகள் சோபாவும் வெயிலும் கேட்டாள். அம்மா கூடையோடு போகும்போது ஒரு படத்தை ஓடவிடுவாள். அம்மா திரும்பி வரும்போதும் அது முடிந்திருக்காது. முடியப்போகிற நேரத்தில் அப்படியே உறைந்து நின்றுவிடும். வீடியோவை நினைத்தே பார்க்க முடியாது.

"கார்டு போட்டாத்தான்ப்பா முடியும்" என்றாள்.

"கார்டுன்னா?"

"படம் வரையறதுக்குன்னு ஒரு தனி எஞ்சின்."

"அப்ப இப்ப எதுல ஓடுது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எஞ்சினே இல்லாம, ஸ்டார்ட்டர் மோட்டாரை வெச்சே ஜீப்ப மெட்டுக்கு ஏத்தற மாதிரி."

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுக்க நாலாம் வகுப்பு வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஆனால் கார்டு வாங்குவதில்தான் சிக்கல். மகள் விரல் விட்டுச் சொன்னாள். "இது கம்பெனிக்காரன் செஞ்ச பெட்டிப்பா. கடையில விக்கிறதெல்லாம் இதுக்குள்ள போகாது. உயரம் இருந்தா மூடியில இடிக்கும். நீளம் இருந்தா டிஸ்க்குல இடிக்கும். அப்புறம் கரண்டு. இதுல இருக்கற கரண்டுப் பெட்டி சின்னது. கார்டுக்குன்னு தனியா ஒயரே வரல. போர்டுல இருந்தே கரண்டு எடுத்துக்கற கார்டுதான் வேணும்."

ஆன்லைனில் போட்டால் எங்கள் மலைக்கு அடுத்த வாரம்தான் வரும். போடியில் ஒரு கடையில் விசாரித்தாள். குள்ளக் கார்டு ஒன்று இருக்கிறது என்றார்கள். அன்று சனிக்கிழமை.

அவள் பெட்டியைத் திறந்து வைத்து, பள்ளிக்கூடத்து ஸ்கேலை உள்ளே விட்டு அளந்துகொண்டிருந்தாள். ஒயர் குறுக்கே வந்தது. ஸ்கேல் நேராக நிற்கவில்லை. ஒரு தடவை அளந்தது ஒன்று, மறு தடவை அளந்தது வேறு. அவள் முகம் சுருங்கச் சுருங்க எனக்குள் ஒரு பெரிய மெக்கானிக் கண் விழித்தான்.

ஜீப்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் எண்ணால் அளக்க மாட்டோம். எஞ்சினில் இரண்டு இரும்புக்கு நடுவே ஆயில் கசியாமல் இருக்க ஒரு அட்டை வைப்பார்கள், பேக்கிங் என்று பெயர். அது கிழிந்துபோனால் கடையில் அதே மாடல் கிடைக்காது. அதனால் வெற்று அட்டையை இரும்பின் மேல் வைத்து, ஓரத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவோம். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிக் கொடுத்துவிடும். அச்சு அசலாக வரும். மீசை முளைக்காத காலத்திலிருந்து எனக்கு அது பழக்கம்.

நான் ஜீப்பிலிருந்து அட்டையையும் சுத்தியலையும் எடுத்து வந்தேன்.

"அப்பா, சுத்தியலக் கீழ வை."

"தட்ட மாட்டேன். சும்மா கையில இருக்கட்டும்."

"கீழ வைப்பா!"

வைத்தேன். கத்தரிக்கோல்தான் அனுமதி. கார்டு போகவேண்டிய இடத்தில் அட்டையை நிறுத்தி, இடிக்கிற இடமெல்லாம் வெட்டி வெட்டி, மூடி எங்கே வரும், டிஸ்க் எங்கே இருக்கிறது என்பதற்குத் தகுந்தபடி நீளமும் உயரமும் சரியாக ஒரு அட்டை செய்தேன். மகள் அதை உள்ளே வைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை கூட எங்கும் உரசவில்லை.

"நல்லாத்தான்ப்பா வந்துருக்கு" என்றாள். சொன்னவள் படித்தவள். கேட்டவன் நான். அந்த ஒரு வாக்கியத்தில் என் தலை எந்த அளவுக்கு வீங்கியது என்பதற்கு அட்டை வெட்டியிருந்தால் அந்தப் பெட்டியில் நுழைந்திருக்காது.

அவளால் என்னோடு வர முடியவில்லை. கார்டு வந்ததும் ஓடவிடுவதற்குப் படங்களின் மிச்ச வேலையை முடித்து வைக்க வேண்டும். "வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு போட்டோ அனுப்பு. நான் சொல்றவரைக்கும் சீல ஒடைக்க விடாத" என்றாள். நான் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன்.

போடிக் கடைக்காரர் சின்ன வயசுக்காரர். நல்ல மாதிரி. அதே மாடலில் பழுதாகிப்போன கார்டு ஒன்றைக் கடையில் சும்மா வைத்திருந்தார். அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அட்டையை மேஜையில் போட்டு, அதன் மேல் கார்டை வைத்தேன். ஓரத்துக்கு ஓரம் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கிங் பொருந்தும்போது எப்போதுமே எனக்கு அப்படித்தான்.

மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். மகள் போன் செய்தாள்.

"நீளம் சரி. உயரம் சரி. தனியா ஒயரு சொருகற ஓட்டை எதாவது இருக்கா?"

திருப்பிப் பார்த்தேன். "இல்ல."

"அப்பச் சரிப்பா. சின்னப் பட்டை மாத்தித் தரச் சொல்லு."

கார்டின் ஓரத்தில் இரும்புப் பட்டை ஒன்று இருக்கும். பெரிய பெட்டிக்குப் பெரிய பட்டை, ஒல்லிப் பெட்டிக்குச் சின்னப் பட்டை. அதை மாற்ற வேண்டுமென்றால் புதுக் கார்டின் சீலை உடைக்க வேண்டும். கடைக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஒடச்சா திருப்பி எடுக்க மாட்டோம். நல்லாப் பாத்துட்டீங்கள்ல?"

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து அட்டை வெட்டறேன். ஒடை."

உடைத்தார்.

போடிமெட்டுக்கு ஏறும்போது பாதி வளைவு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். மெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டி டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. டீ கிளாஸைக் கையில் வாங்கியபோது போன் அடித்தது.

"அப்பா, வாங்கிட்டியா?"

"வாங்கி, மாத்தி, மெட்டுக்கே வந்தாச்சு."

"அதப் பக்கவாட்டுல ஒரு போட்டோ எடு."

"என்னத்துக்கு?"

"எடுப்பா."

அவள் குரலில் ஏதோ இருந்தது. டீயைப் பலகையில் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, கார்டைக் குறுக்காகப் பிடித்தேன். அப்போதுதான் நான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன். கடையில் பிடித்திருந்தேன், திருப்பியிருந்தேன், தடிமன் முழுக்க என் கைக்குள் இருந்தது. தலைக்கு மட்டும் ஏறவில்லை. முதுகில் ஒரு காற்றாடியும் அதன் கீழே அலுமினியத் தகடுகளும் வைத்து, கார்டு இரண்டு விரல் கனம் இருந்தது.

பேக்கிங்குக்குக் கனம் கிடையாது. நீளமும் அகலமும்தான். வாழ்நாள் முழுக்கக் கனமில்லாத சாமானை வெட்டினவன், கனம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோனேன்.

போட்டோ போனது. அவள் பெட்டிக்குள் ஸ்கேலை விட்டு உரசும் சத்தம் போனில் கேட்டது.

"அப்பா, கார்டு சொருகற எடத்துக்குப் பக்கத்துலயே கரண்டுப் பெட்டி இருக்கு. நடுவுல ஒரு விரல்தான் எடம். இது ரெண்டு விரல்." பிறகு சொன்னாள், "நானும் அட்டையத்தான்ப்பா பாத்தேன். கனத்த நெனைக்கல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது நியாயம்தான். "சீல ஒடச்சத நான் யாருக்குண்ணே விப்பேன்? ஒல்லிக் கார்டு வேணும்னா மதுரையில இருந்து எடுக்கணும். செவ்வாய்க்கிழம வரும்."

செவ்வாய்க்கிழமை என் மகள் தோளில் கூடை இருக்கும்.

டீயைக் குடிக்காமலேயே கிளம்பினேன். மூடுபனியில் முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. சின்னக்கானல் திருப்பத்துக்கு முன்னால் ஜீப்புகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற டிரைவர் கையை வெளியே நீட்டி ஆட்டினான். யானை ரோட்டில் நிற்கிறது. விளக்கை அணை, ஹாரன் அடிக்காதே என்று அர்த்தம். அணைத்தேன். போனில் சிக்னலும் போய்விட்டது. மூடுபனிக்குள் எங்கோ கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து சீட்டில் அந்தக் கார்டு டப்பா ஒரு சவாரிக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து, "கொஞ்சம் இளைச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

யானைக்குக் காத்திருக்கும்போது செய்வதற்கு ஒன்றும் கிடையாது. இதே இடத்தில் ஒரு தடவை என் ஜீப்பில் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்ப் செத்துப்போனது ஞாபகம் வந்தது. அன்று என்ன செய்தேன்? ஒரு கேனில் பெட்ரோலை ஊற்றி, பானெட்டுக்கு மேல் கட்டி, டியூப் போட்டு எஞ்சினுக்கு விட்டேன். டாங்கி பின்னால் சும்மா கிடந்தது. வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் அந்தச் சவாரியை நான் முடித்தேன்.

கேன் வெளியே இருந்தது. வண்டி ஓடியது.

யானை எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. பின்னால் நின்றவன் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி, "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போனபோது மனைவியும் வேலை முடிந்து வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பைக்கூட அவிழ்க்கவில்லை. மகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கார்டை எடுத்து, எப்படியாவது போகாதா என்று ஒரு தடவை பார்த்தாள். நீளம் சரியாக இருந்தது. உயரம் சரியாக இருந்தது. கரண்டுப் பெட்டியின் தகரத்தில் போய் இடித்து நின்றது. அமுக்கிப் பார்க்கவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

மனைவி மேஜையில் கிடந்த என் அட்டையைக் கையில் எடுத்தாள்.

"இத என்ன செய்யறது?"

"அது நல்லாத்தான் வெட்டியிருக்கு" என்றேன்.

"அடுப்புல வைக்கிறேன். அதுக்காவது ஒதவட்டும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்தப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தொண்டையைச் செருமினேன்.

"அந்தக் கரண்டுப் பெட்டிய வெளிய எடுத்து வெச்சா என்ன?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெட்ரோல் கேன வெளிய கட்டி ஓட்டுனேன்ல. அந்த மாதிரி."

"இந்த மனுசனுக்கு யானை மூச்சு பட்டுக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றாள் மனைவி.

மகள் பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் பார்த்தாள். ஒயர்களை விரலால் இழுத்து எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்தாள். போனை எடுத்து என்னவோ தேடிப் படித்தாள். அந்த நேரம் எனக்கு யானைக்குக் காத்திருந்ததைவிட நீளமாக இருந்தது.

"அது மூடுன பெட்டிதான்ப்பா" என்றாள் கடைசியில். "அத நாம தொறக்கப் போறதில்ல. ஸ்க்ரூவக் கழட்டினா முழுசா வெளிய வரும். ஒயரு பக்கத்துல வெக்கிற அளவுக்கு எட்டும். காத்து போகணும். ஈரம் ஆகாது. ஒருத்தரும் தொடக் கூடாது."

"அப்ப பிரஸ்னமில்லல்ல?"

"இருக்கு. ஆனா செவ்வாக்கிழமையவிட இது தேவல."

முதலில் மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சை அழுத்தி மிச்சக் கரண்டையும் போக்கினாள். எனக்கும் ஒரு ஸ்க்ரூ கொடுத்தாள். அந்த ஸ்க்ரூ கதைதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. மனைவி காந்தத்தை உள்ளே இறக்கும்போது மகள் கத்தினாள்.

"அம்மா, டிஸ்க் இருக்கும்மா! காந்தம் ஆகாது!"

"நான் டிஸ்க்கப் புடிக்கல. ஸ்க்ரூவத்தான் புடிக்கிறேன்" என்று சொல்லி, எடுத்தும் விட்டாள்.

கரண்டுப் பெட்டி வெளியே வந்தது. சப்பாத்திப் பலகையைத் துடைத்துக் காயவைத்து அதன் மேல் வைத்தோம். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து ஈரலைப் பக்கத்தில் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. கார்டு உள்ளே போனது. ஒரு விரல், இரண்டு விரல், அதற்கு மேலும் இடம். 'டக்' என்று உட்கார்ந்தது.

ஆன் செய்தாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு.

அணைத்தாள். கார்டை எடுத்து, துடைத்து, மறுபடியும் சொருகினாள். ஆன் செய்தாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு.

"செத்துருச்சா?" என்றேன். எனக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்கக் கூடாதோ அதை அந்த நேரத்தில் கேட்கும் வரம் உண்டு.

மனைவி ஆணியில் தொங்கிய கூடையைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மகள் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பலகையில் இருந்த கரண்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன யோசனை, நான் வெட்டிய அட்டை, நான் உடைக்கச் சொன்ன சீல். இருந்த ஒரு கம்ப்யூட்டரையும் கொன்றுவிட்டேன்.

மகள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"டிவி ஒயரு!"

திரையாக வைத்திருந்த டிவியிலிருந்து வரும் ஒயர் பெட்டியின் பழைய ஓட்டையிலேயே சொருகியிருந்தது. புது எஞ்சின் வைத்துவிட்டு, பழைய எஞ்சினில் கியரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதைப் பிடுங்கிக் கார்டில் சொருகினாள். திரை வெளிச்சமானது. என் மனைவி அப்போதுதான் இடுப்பு விரிப்பை அவிழ்த்தாள்.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. முதல் படம் அரைக் கிளாஸ் டீ குடிப்பதற்குள் முடிந்தது. ஆனால் வீடியோ நீளம். துண்டு துண்டாக ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட வேண்டும். எங்கள் லயத்தில் கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் அந்தத் துண்டை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நான் வாசலில் காவல். பூனையை உள்ளே விடவில்லை. மிக்ஸி போட வந்த பக்கத்து வீட்டு அக்காவை, "அக்கா, உள்ள ஆபரேஷன் நடக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மனைவி அன்று ஈரத்துணியைக்கூட வீட்டுக்குள் காயப்போடவில்லை. ஒரு தடவை கரண்டு போனது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். திரும்ப வந்ததும் விட்ட துண்டிலிருந்து தொடங்கினாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுச் சிக்னல் வீடியோவுக்குப் போதாது என்று, நல்ல சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்ப் போனில் வைத்து அனுப்பினாள். பார்த்துவிட்டு உடனே சொல்கிறோம் என்று கொச்சியிலிருந்து பதில் வந்தது. உடனே என்றால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவிக்குக் கொழுந்து கிள்ள மலைக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. அதனால் ஆபீஸுக்குப் போய்ப் பதில் சொல்லவேண்டியவன் நான் ஆனேன்.

"அவங்க சொன்னதும் ஒடனே அடிக்கிறேன்ப்பா. அதுவரைக்கும் எதாவது பேசிக்கிட்டு இரு. உனக்கா சொல்லிக் குடுக்கணும்?" என்றாள் மகள்.

பேசினேன். கிளார்க்கிடம் மழையைப் பற்றிப் பேசினேன். யானையைப் பற்றிப் பேசினேன். அவருடைய பைக்கில் வரும் சத்தத்துக்கு என்ன காரணம் என்று அவர் கேட்காமலே சொன்னேன். என் சட்டைப்பையில் போன் கல் மாதிரி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இருந்தது. அழைப்பு இல்லை. கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"சேட்டா, கதை மதி, போதும். பேரு பதியணோ, வேண்டயோ?"

பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். நான் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டே வாயைத் திறந்து...

"அப்பா! எழுதுனது போதும், எம்புட்டு நேரமாக் கூப்பிடறேன்! ஜீப்புல எல்லாம் ஏத்தியாச்சு. கம்ப்யூட்டரு மட்டுந்தான் பாக்கி. நான் பெட்டியத் தூக்கறேன், நீ கரண்டுப் பெட்டியப் பலகையோட புடி. ஒயரு இழுபடக் கூடாது. சூரியநெல்லி வீடு வரைக்கும் மடியிலயே வெச்சுக்கணும்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது?"

"அம்மா மடியில வெச்சுக்கும். நீ எந்திரி முதல்ல!"

"சாவிய ஆபீஸ்ல குடுக்கணும், கிளார்க்கு சாப்பிடப் போயிருவாரு" என்று உள்ளேயிருந்து என் மனைவி. "கூடைய அங்கயே ஆணியில விட்டுட்டேன். ஏங்க, எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கற ஸ்டூலையும் ஏத்தணும்."